டிரைவர் கேட்ட படம்

மெல்லிய பொருள் எது கைக்கு வந்தாலும், அதை வலது காதுக்கு மேலே தலைமுடியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் குளிரக்கா வேலையைத் தொடங்குவாள். ஊசி என்றால் ஊசி, பென்சில் என்றால் பென்சில், பல் குத்தும் குச்சி என்றாலும் அதேதான். கல்யாணமான புதிதில் கணவர் இதைப் பார்த்துவிட்டு, பாவம், தலை அரிக்கிறதாக்கும் என்று பேன் சீப்பு வாங்கி வந்து கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தையல் கடையில் வந்த பழக்கம் அது. ஊசியை முடியில் இழுத்துக்கொண்டால் துணியில் வழுக்கிக்கொண்டு போகும். தையலை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. கூட இருப்பவர்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனார்கள். தான் அப்படிச் செய்கிறோம் என்பது அவளுக்கு மட்டும்தான் நினைவில் இருப்பதில்லை.

குளிரக்கா என்பது வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறம், சலவைக் கூடத்துக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் அந்த ஆய்வகம் இருக்கிறது. கீழ்த்தளத்தின் கடைசி அறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி. மேலே கண்ணாடி மூடி, பக்கத்தில் சுழற்றுகிற கைப்பிடி, உள்ளே சவர பிளேடைவிடக் கூர்மையான ஒரு கத்தி. உறைந்த சதைத் துண்டை ஓர் உலோக வட்டில் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால், தலைமுடியின் தடிமனைவிட மெல்லிய சீவல் ஒன்று கத்தியின் மேல் வந்து விழும். விழுந்த உடனே சுருண்டுகொள்ளும். அதைப் பிரஷால் தூக்கி, பெட்டிக்குள்ளேயே குளிர்ந்து கிடக்கும் கண்ணாடி ஸ்லைடில் வைத்து, சுருக்கம் இல்லாமல் தடவி விரித்து, ஸ்லைடுக்கு அடியில் விரலை வைத்தால், விரலின் சூட்டில் சீவல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கேட்பதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே அழுதிருக்கிறார்கள்.

குளிரக்கா அழவில்லை. தையல் கடையை மூடிவிட்டபின் அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்தவள் அவள். சீவிக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போனபோது, "நான் ஒரு தடவை சுத்திப் பார்க்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். வழுக்குகிற துணிக்கெல்லாம் ஓரம் அடித்த கை. சீவல் அந்தக் கைக்கு அடங்கிவிட்டது. போனவள் குழந்தையோடு திரும்பி வந்து, நிம்மதியாக வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பெட்டி குளிரக்காவுடையது. ஊரே வியர்த்துக்கொண்டிருக்கும் நாளிலும் அவள் மட்டும் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு வராந்தாவில் நிற்பாள்.

அவள் வெட்டிய சீவல் மாடிக்குப் போகும். மாடியில் ஒரு பெரிய இயந்திரம். அதற்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அது தராசுதான். அது செய்வதும் எடை போடுகிற வேலைதான். சீவலின் மேல் பனி படிவதுபோல ஒரு கரைசலைத் தெளித்து உள்ளே வைப்பார்கள். லேசர் ஒளி ஒரு புள்ளியில் சுடும். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிற, கண்ணுக்கே தெரியாத துகள்களைத் தராசு நிறுத்துப் பார்க்கும். ஒவ்வொரு வகைக் கொழுப்புக்கும் ஒரு எடை. எடையைப் பார்த்தால் இது இன்னது என்று தெரிந்துவிடும். பிறகு அடுத்த புள்ளி, அதற்கடுத்தது, வரிசை வரிசையாக. முடிந்ததும் கணினித் திரையில் ஒரு வரைபடம் வரும். சதையின் எந்த இடத்தில் எந்தக் கொழுப்பு எவ்வளவு குடியிருக்கிறது என்று நிறம் நிறமாகக் காட்டும்.

தராசைப் பார்த்துக்கொள்கிறவன் ஒரு நெட்டையன். வாசல் நிலையில் இடித்து இடித்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு வீக்கம். குளிரக்காவுக்கு அவன் தம்பி, மற்றவர்களுக்குத் தராசுக்காரன். இருவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஒரு நாளும் பேசாமல் இருந்ததும் இல்லை.

"அக்கா, இன்னிக்கு சீவல்ல சுருக்கம்."

"உன் சட்டையில இருக்கறதைவிடக் கம்மிதான். போடா."

இவர்கள் இருவருக்கும் மேலே டாக்டரம்மா. காசநோய்க் கிருமி நுரையீரலில் கட்டுகிற சின்னச் சின்னக் கட்டிகளை ஆராய்கிறவர். அந்தக் கட்டியைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு உப்பிப்போய் நிற்கும். கிருமி அதைத் தின்றே காலத்தை ஓட்டும். கொழுப்பு எங்கே சேர்கிறது என்று தெரிந்தால், மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் தெரியும். அதற்குத்தான் இந்த வரைபடம். டாக்டரம்மா தங்கமானவர். சந்தோஷம் வந்துவிட்டால் மட்டும் பேச்சு வேகமாகிவிடும், பாதி புரியாது.

இதற்குள் ஒரு பஸ் டிரைவர் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவருடைய நுரையீரலில் மருந்துக்கு மசியாத மூலை ஒன்று இருந்தது. அதை அறுத்து எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது, "என்கிட்ட இருந்து அது என்ன கிழிக்கப் போகுது, எடுத்துக்கோங்க. ஆனா உள்ள என்ன பார்த்தீங்கன்னு எனக்கும் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். துண்டை உடனே உறையவைத்து, கிருமி சாகும்படி கதிர்வீச்சு கொடுத்து, தன் முறை வரும்வரை உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். டப்பாவின் மேல் எண்ணும், நுரையீரலில் எந்த இடம் என்பதும் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று குளிரக்காவுக்குத் தெரிய நியாயமே இல்லை.

ஆனால் டிரைவர் குணமாகி, உடம்பு தேறி, பழையபடி வண்டியில் ஏறிவிட்டார். அது குளிரக்கா தினமும் வேலைக்குப் போகிற பஸ். ஒரு நாள் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கிளம்பப் போன வண்டியை நிறுத்திக்கொண்டு திரும்பினார்.

"ஏம்மா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி கட்டிடமா? நெஞ்சுத் துண்டெல்லாம் அங்கதான வருது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பேரெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

"பேரு எதுக்கு? வலது பக்கம், மேல் மூலை. உள்ளங்கையில பாதி இருக்கும்னு நர்சம்மா சொன்னாங்க."

வலது பக்கம், மேல் மூலை, உள்ளங்கையில் பாதி. அந்த வாரம் அவள் வெட்டத் தொடங்க இருந்த துண்டு அதுதான். குளிரக்காவுக்குப் பொய் சொல்ல வராது. பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவருக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப உங்ககிட்டதான் இருக்கு! நல்லாப் பார்த்துக்கோங்கம்மா, நாப்பது வருஷம் என்கூட இருந்தது."

அன்றிலிருந்து அவள் ஏறும்போதெல்லாம் இஞ்சின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்கும். "என்னம்மா, நம்மாளு சௌக்கியமா?" யாரோ உறவுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருத்தி குளிரக்காவுக்கு ஆறுதல்கூடச் சொன்னாள்.

டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்காரு? படம் வந்ததும் கூட்டிட்டு வாங்க, நானே காட்டறேன். அவரோடதுதானே." மறுநாள் குளிரக்கா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, டிரைவரிடம் குனிந்து சொன்னாள்: "படம் வந்ததும் காட்டறோம்ங்க." முன்பின் தெரியாத ஒருவருக்கு அவள் வாக்குக் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டிரைவர் தன் பின்னாலிருந்த இருக்கையை அன்றே அவள் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதே வாரம் நாத்தனார் வந்து இறங்கினார். கணவரின் அக்கா. ஒரு பையில் துணி, மூன்று பையில் பாட்டில். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், அவரே காய்ச்சியது. அவருடைய சொந்தக் கூந்தல் அந்த எண்ணெய்க்குப் பெரிய விளம்பரம் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லும் தைரியமும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. வந்த மறுநாள் காலையிலேயே குளிரக்காவின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, வகிடு என்ன இப்படி ரோடு மாதிரி கிடக்கு? அந்தக் குளிர்ல நின்னு நின்னு எல்லாம் கொட்டிப்போச்சு."

"வேலைக்குப் போற நாள்ல நான் எண்ணெய் வைக்கறதில்ல அண்ணி."

"அதான் கொட்டுது. உட்காரு."

தோளில் ஒரு அழுத்து. உட்கார வேண்டியதாயிற்று. அன்று தொடங்கி தினமும் காலையில் உள்ளங்கை நிறைய எண்ணெய். காது மடல்வரை வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகப் பின்னலைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

டிரைவரின் துண்டிலிருந்து முதல் சீவல் மாடிக்குப் போன மறுநாள், டாக்டரம்மா மூன்று மூன்று படியாகத் தாவிக் கீழே இறங்கி வந்தார். "அக்கா, வாங்க, வாங்க, வந்து பாருங்க!" திரையில் கட்டி தெரிந்தது. நடுவில் கருப்பு, அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு கொழுப்பு வளையம். அந்த வளையத்திலிருந்து புறப்பட்டு, மஞ்சளாகவே ஒரு கோடு மேல்நோக்கிப் போயிற்று.

"வளையம் எதிர்பார்த்ததுதான். இந்தக் கோட்டைப் பாருங்க! பாதை மாதிரி இல்ல? கொழுப்பு இந்த வழியா எங்கயோ போகுது, இல்ல எங்கிருந்தோ வருது!" அதற்கு மேல் அவர் சொன்னது வேகத்தில் புரியவில்லை. எல்லோருக்கும் அவர் செலவில் டீ வந்தது. மறுநாள் பஸ்ஸில் குளிரக்கா, கேட்காமலேயே, "நல்லா வந்துட்டிருக்குங்க" என்று டிரைவரிடம் சொன்னாள்.

அடுத்த சீவலில் பாதை வேறு பக்கம் போயிற்று. அதற்கடுத்ததில் இரண்டு பாதைகள், ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக.

டாக்டரம்மா மூன்று படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொட்டியை வரிசையாக வெட்டினால், ஒரு துண்டில் ஓட்டை எங்கே இருக்கிறதோ ஏறக்குறைய அதே இடத்தில்தான் பக்கத்துத் துண்டிலும் இருக்கும். பாதை நிஜமாக இருந்தால் அடுத்தடுத்த சீவலில் இப்படித் துள்ளாது. "இது நுரையீரல்ல இருக்கறது இல்ல. வெளியிலேருந்து வந்திருக்கு" என்றார் கடைசியில். அதைவிட மோசம், அந்தக் கோட்டில் இருந்த கொழுப்பின் எடையும் நோயின் வளையத்தில் இருந்த கொழுப்பின் எடையும் ஒன்றாகவே இருந்தன. எது டிரைவருடையது, எது வந்தேறியது என்று தராசால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வளையத்தையே நம்ப முடியாமல் போயிற்று.

தராசுக்காரன் தொண்டையைச் செருமினான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பசை எதுவும் போட்டீங்களா?"

குளிரக்காவுக்குச் சுரீரென்றது. பல ஆய்வகங்களில் சதைத் துண்டைப் பசையில் புதைத்து நிறுத்தித்தான் வெட்டுவார்கள். தராசுக்குப் போகும் துண்டுக்குப் பசையே ஆகாது. மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு அது மட்டும்தான் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் துண்டை நிறுத்துவதுதான் இங்கே முறை. அவள் அதில் தவறியதே இல்லை.

"பசையா? நானா? உன் தராசுக்குள்ள எலி எதுவும் செத்துக் கிடக்கும், அதைப் போய்ப் பாரு!"

அவன் போய்ப் பார்த்தான். தராசின் உட்பாகங்களைக் கழற்றிக் கழுவினான், தெளிப்பானைக் கழுவினான். அவள் கத்தியை மாற்றினாள், ஸ்லைடுகளை மாற்றினாள், வேறு கையுறை மாட்டினாள். மறுபடி வெட்டிய சீவலிலும் மஞ்சள் கோடு சாவகாசமாகப் படுத்திருந்தது. டாக்டரம்மா துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சமப்படுத்தச் சீவிக் கொட்டியதும் மறுபடி மறுபடி வெட்டியதுமாக, உள்ளங்கையில் பாதியாக இருந்தது நகத்தின் கனத்துக்கு வந்திருந்தது.

"இனி ஒரு சில சீவலுக்குத்தான் காணும். காரணம் தெரியற வரைக்கும் இதைத் தொட வேண்டாம்."

டப்பா உறைபெட்டிக்குத் திரும்பியது. அதோடு குளிரக்காவின் நிம்மதியும் போயிற்று. வேறு சதை என்றால் இன்னொன்று வரும். இது டிரைவரின் நெஞ்சிலிருந்து வந்தது. போனால் போனதுதான். படம் என்று கேட்ட மனிதனிடம், வெட்டியே தீர்த்துவிட்டோம், ஒன்றும் தெரியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறி, குடை வைத்திருந்த ஒரு பருத்த மனிதருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள். கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தே பழகிய மனிதர் டிரைவர்.

"குடைக்குப் பின்னாடி நிக்கற ஆராய்ச்சியம்மா! உங்க சீட்டு காலியாத்தான இருக்கு? நம்மாளு எப்படி இருக்காரு?"

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. குளிரக்கா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தாள். அதன்பிறகு தினமும் நடைதான். உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொண்டாள். "நடந்தா முடிக்கும் நல்லது" என்று நாத்தனாரும் ஆமோதித்து, கூடக் கொஞ்சம் எண்ணெய் வைத்தார்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். கண்ணாடியில் விரல் ரேகை பட்டாலும் பொறுக்காது, எடுத்துத் துடைத்துவிடுவார். ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் தன் புது வெள்ளைச் சட்டையை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் நாள்தான் அதன் பாக்கெட் பிரிந்திருந்ததைக் குளிரக்கா கையாலேயே தைத்து வைத்திருந்தாள்.

"இதென்ன இது, பாக்கெட்டைச் சுத்தி மஞ்சளா ஒரு கோடு?"

"கோடா?"

"தையல் போன வழியெல்லாம் போயிருக்கு பாரு. எண்ணெய். ஊசியைத் தலையில தேய்ச்சிருப்ப. தலையிலதான் எங்கக்கா ஒரு டின்னைக் கவுத்து வெச்சிருக்காளே."

"நானா? நான் எப்ப ஊசியைத் தலையில தேய்ச்சேன்?"

கணவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடியேன்."

பிடித்தாள். பென்சில் நேராக வலது காதுக்கு மேலே போயிற்று.

கை அங்கேயே நின்றுவிட்டது. கணவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அவள் சிரிக்கவில்லை. சட்டையைப் பிடுங்கி ஜன்னலருகே கொண்டுபோனாள். பாக்கெட்டின் ஓரத்தில் சாய்வாக ஓடிய மஞ்சள் கோடு. இதே கோட்டை வேறு எங்கே பார்த்தாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஐயோ, பிரஷ்!" என்றாள்.

"எந்த பிரஷ்?" என்றார் கணவர்.

சமையலறையிலிருந்து நாத்தனார் குரல் மட்டும் வந்தது: "என் எண்ணெயில கறையே படாது, சொல்லிட்டேன்!"

சட்டையையும் ஒரு பாட்டில் எண்ணெயையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் குளிரக்கா வேலைக்குப் போனாள். வழி நெடுக, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். எலி செத்துக் கிடக்கிறது என்று கத்தியது வேறு நினைவுக்கு வந்து காதெல்லாம் சூடாயிற்று. மாடிக்குப் போனதும் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய், சட்டையை டாக்டரம்மாவின் மேஜையில் விரித்து, "கோடு என் தலையிலேருந்து வந்தது" என்றாள்.

டாக்டரம்மாவுக்கும் தராசுக்காரனுக்கும் விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலைக்குப் போடுகிற தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றித்தான் அவள் மாட்டுவாள், காதை மூடினால் அவளுக்குப் பிடிக்காது. தொப்பியின் ஓரத்தில் வெளியே தெரிகிற அந்த முடியில்தான் பிரஷ் ஒவ்வொரு தடவையும் ஒரு இழுப்பு போய் வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த முடியில் எண்ணெய் இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. நாத்தனார் வந்தார், பாதையும் வந்தது.

"ஆமா, நானே பார்த்திருக்கேன்" என்றான் தராசுக்காரன் மெதுவாக. "தினமும் பார்க்கறேன். அக்கான்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"நீ பேசாதே. எண்ணெயை எடை போடு."

ஒரு துளியை ஸ்லைடில் தடவி வைத்தார்கள். தராசு சொன்னது: அதே எடைகள், அச்சாக.

டாக்டரம்மா கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று குளிரக்கா பதறினாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பாதைக்கு நான் ஒரு பேரே வெச்சிட்டேன் அக்கா. நல்ல வேளை, வெளியில யாருக்கும் சொல்லல. உலகத்துலயே முதல் தடவையா ஒரு நாத்தனாரோட எண்ணெயை நுரையீரலுக்குள்ள கண்டுபிடிச்சிருப்பேன்!"

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் துண்டில் மிச்சமிருந்ததோ நகக் கனம். குளிரக்கா அன்று வீட்டுக்குப் போனதும் தலைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடி தேய்த்து, நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பொருட்படுத்தாமல், மறுநாள் எண்ணெயில்லாமல் கிளம்பி வந்தாள். தொப்பி புருவம்வரை இறங்கியது. காது இரண்டும் உள்ளே. புது பிரஷ். அவள் கையைக் கண்காணிக்கத் தராசுக்காரன் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

கைப்பிடியைச் சுற்றினாள். சீவல் விழுந்தது. பிரஷை எடுத்தாள்.

"கை!" என்று அவன் கத்தினான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீவல் பறந்து பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு கசங்கிப்போயிற்று.

"கத்தாதடா பாவி! போச்சு பாரு ஒண்ணு!"

"கை மேல போச்சுக்கா!"

போயிருந்தது. தொப்பிமேல்தான் போயிருந்தது, என்றாலும் போயிருந்தது. அவன் கத்தினால் சீவல் போகும். கத்தாவிட்டால் கை போகும். தன் கையையே நம்ப முடியாமல் குளிரக்கா வராந்தாவில் போய் அக்குளில் கைகளைச் செருகிக்கொண்டு நின்றாள். சலவைக் கூடத்தில் யாரோ படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள். துணி உதறுகிற சத்தத்தைக் கேட்டதும் பழைய தையல் கடை நினைவுக்கு வந்தது. அங்கே முதலாளி, கத்தரிக்கோல் காணாமல் போகிறது என்று, அதை ஒரு கயிற்றில் வெட்டும் மேஜையோடு கட்டிப் போட்டிருந்தார். எவ்வளவு இழுத்தாலும் மேஜையைத் தாண்டி வராது.

உள்ளே வந்தாள். "தம்பி, நல்ல நூலா கொஞ்சம் கொடு."

பிரஷின் காம்பில் நூலைக் கட்டி, மறுமுனையைப் பெட்டிக்குள் இருந்த கம்பியில் முடிச்சுப் போட்டாள். ஸ்லைடுவரை எட்டும். பெட்டியின் வாயைத் தாண்டாது. சுற்றினாள். சீவல் விழுந்தது. கை பிரஷோடு மேலே கிளம்பியது. நூல் வெடுக்கென்று இழுத்தது. கை, அதட்டப்பட்ட பிள்ளை மாதிரி, உள்ளேயே இறங்கி வேலையைப் பார்த்தது. தராசுக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீவல் சுருக்கமில்லாமல் விரிந்தது. ஸ்லைடின் அடியில் விரலை வைத்தாள். ஒட்டியது. துண்டு தீரும்வரை அப்படியே வெட்டினாள். ஒவ்வொரு சீவலுக்கும் நூல் ஒரு தடவை இழுத்துப் பிடித்தது.

படம் வந்தது. கருப்பு நடு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், வளையத்துக்கு வெளியே நீலம். பக்கத்துச் சீவலிலும் அதே இடத்தில் அதே வளையம். பாதை ஒன்றும் இல்லை. டாக்டரம்மா இந்த முறை நிதானமாக, எல்லோருக்கும் புரிகிற வேகத்தில், "இதுதான்" என்றார்.

மறுநாள் குளிரக்கா முன்வாசல் வழியாக பஸ்ஸில் ஏறினாள். தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, டிரைவர் வாயைத் திறக்கும் முன்பே, "படம் வந்துடுச்சுங்க. லீவு நாள்ல வாங்க" என்றாள். டிரைவர் அடித்த ஹாரன் தெருக்கோடிவரை கேட்டது.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மாடியில் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மூக்கு திரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"என் நெஞ்சுக்குள்ளயா இவ்வளவு கலர்?"

"கலர் நாங்க போட்டதுங்க" என்றார் டாக்டரம்மா. "எந்தக் கொழுப்பு எங்க இருக்குன்னு காட்டறதுக்காக. இந்த மஞ்சள் வளையத்துலதான் கிருமிக்குச் சாப்பாடு. மருந்து இதைத் தாண்டி உள்ள போகணும்."

"அது தின்னது என் கொழுப்பையா?"

"உங்களோடதுதான்."

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு வீட்டுல சொல்லிட்டேதான் இருப்பா. இப்ப படம் போட்டே நிரூபிச்சிட்டீங்க!" தராசுக்காரன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. டிரைவர் மறுபடி திரையைப் பார்த்தார். "இதை வெச்சு மருந்து வந்துடுமாம்மா?"

"உடனே வராதுங்க. இன்னும் நிறைய பேரோடதைப் பார்க்கணும். ஆனா எங்க போகணும்னு ஒரு வழி தெரிஞ்சிருக்கு."

"வழி தெரிஞ்சா போதும். மிச்சத்தை ஓட்டிடலாம்" என்றார் டிரைவர்.

கிளம்பும்போது குளிரக்காவின் முன்னால் நின்றார்.  கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். பிறகு இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவ்வளவு பெரிய மெஷின்லயா என் எண்ணெயை வெச்சுப் பார்த்தாங்க?" ஊருக்குத் திரும்பிப் போனபின், ஆராய்ச்சிக் கூடத்தில் சோதித்த எண்ணெய் என்று சொல்லித்தான் எல்லோர் தலையிலும் தேய்க்கிறார். அவர் சொல்வது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

குளிரக்கா இப்போதும் அந்தக் கடைசி அறையில்தான் சீவிக்கொண்டிருக்கிறாள். பிரஷ் நூலில் கட்டியபடியே இருக்கிறது. நூல் நைந்தால் அவளே மாற்றிக் கட்டுகிறாள். எண்ணெய் விடுமுறைக்கு முதல் நாள் இரவு மட்டும். டிரைவரின் துண்டு தீர்ந்துவிட்டது. படத்தின் நகல் ஒன்று பஸ்ஸில் அவர் இருக்கைக்கு மேலே, சூரிய வெளிச்சம் படாத இடத்தில் ஒட்டியிருக்கிறது. அவர் தினமும் வண்டி ஓட்டுகிறார். இருமல் இல்லை.